செல்லாக்காசுகளின் வரிசை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "இலவச விருந்துக்கு நெடுவரிசையில் நிற்பது இன்பமே" என்று பேச வந்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் இரவு உணவு உண்டு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருப்பதாலும், பின்வரிசையில் இருப்பவர்கள் இப்போதே உணவுக்கூடத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதாலும், தீர்ப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கம், மேலூர்ச் சாலையில், ஒரு பிரியாணிக் கடை திறந்தார்கள். ஐந்து பைசா நாணயம் கொண்டு வரும் முதல் நூறு பேருக்கு ஒரு பிரியாணி, ஆளுக்கு ஒன்றுதான், அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும், பார்சல் கிடையாது என்று வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். இது அவர்களாகக் கண்டுபிடித்த உத்தி அன்று. 2019இல் உலக உணவு நாளன்று திண்டுக்கல்லில் ஒரு கடை இதே போல ஐந்து பைசாவுக்கு அரை பிரியாணி கொடுத்திருக்கிறது. ஐந்து பைசாவை விலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போய்விட்டன. ஆகவே கடைக்காரர் எங்களிடம் கேட்டது பணத்தை அன்று; வீட்டை ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் கேட்டார்.

நாங்களும் கவிழ்த்தோம். அஞ்சறைப் பெட்டியில் பத்துப் பைசா கிடைத்தது. தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் இருபது பைசாவும், காணாமல் போய்விட்டதாக மூன்று ஆண்டுகளாகச் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு கம்மலும் கிடைத்தன. ஐந்து பைசா மட்டும் கிடைக்கவில்லை. இரவு பத்து மணிக்கு என் தாயார் ஒன்றும் பேசாமல் எழுந்து, பூசை அலமாரியின் மூலையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். எனக்கு நான்கு வயதில் விஷக்காய்ச்சல் கண்டபோது, பிள்ளை பிழைத்தால் மலைக்கு வருகிறேன் என்று கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டு முடிந்துவைத்த காணிக்கை அது. பிள்ளை பிழைத்துவிட்டது; எதிரே நின்று பேசிக்கொண்டும் இருக்கிறது. காணிக்கைதான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலை ஏறவில்லை.

"அம்மா, அது சாமி காசு" என்று நான் பதறினேன். அவர் முடிச்சை அவிழ்த்து, சதுர வடிவிலான அந்த அலுமினிய நாணயத்தை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் பதினொரு ரூபாயை வைத்து மறுபடியும் முடிந்தார். "அழகருக்கு இதனால் லாபம்தான். இந்தக் காசைக் கொண்டுபோய் அவர் எந்தக் கடையில் மாற்றப்போகிறார்?" என்று கேட்டார். பெருமாளோடு இத்தனை சுருக்கமாகக் கணக்கு முடித்தவர்களை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வரிசை. கடை திறக்கப் பதினொன்று ஆகும். எட்டு மணிக்குள் முன்னால் நின்றவரின் மகளுக்கு வரன் பார்ப்பது வரை பேச்சு முன்னேறிவிட்டது. ஒன்பது மணிக்கு ஒருவர் குடையை விரித்தார், அதற்குள் ஐந்து பேர் நுழைந்தார்கள். பத்தரை மணிக்குத் தம் உடைத்தபோது சீரகச் சம்பாவின் வாசனை வந்து சேர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது, ஆனால் ஒரு காலும் அசைந்ததாகத் தெரியவில்லை. ஐந்து பைசாவை ஐம்பது ரூபாய்க்கு விற்கிறாயா என்று ஒருவர் என் தாயாரிடம் கேட்டார். அவர் கைமுட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

இங்கேதான் எதிரணி நண்பர் ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுப் போனார். "செல்லாக்காசைப் பிடித்துக்கொண்டு செல்லாக்காசுகள் நிற்கிற வரிசை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், சொல் அழகு அப்படி. எனக்கு வேறு குறிப்புகளும் இருந்தன, அவற்றை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க முடியாது.

2021இல், கொரோனாக் காலத்தில், இதே ஐந்து பைசா அறிவிப்புக்கு மதுரையில் கூட்டம் நெருக்கியடித்ததை அவர் சான்றாகக் காட்டினார். நடந்தது உண்மை. நூறு பேருக்குச் சமைத்துவிட்டு ஊருக்கே பதாகை கட்டினால் நெரிசல் வரத்தான் செய்யும். ஆனால் அது வரிசை இல்லாததால் வந்த வினை. நாங்கள் வாதாடுவதோ வரிசைக்காக.

இதே நண்பரைப் போன மாதம் ஒரு திருமண மண்டபத்தில் பார்த்தேன். உண்டுகொண்டிருந்த ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் பாயசம் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் என்ன? அங்கே வரிசைகூட இல்லை, முற்றுகைதான். மொய் எழுதிவிட்டால் அது மரியாதை, ஐந்து பைசா கொடுத்தால் அது இழிவு என்பது எந்த ஊர் நியாயம்? நிற்கும் நான்கு மணி நேரம் கூலி வேலை பார்த்திருந்தால் இரண்டு பிரியாணி வாங்கியிருக்கலாம் என்றும் கணக்குப் போட்டார். என் தாயார் நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றிருக்கிறார், குழாயடியில் நள்ளிரவில் நின்றிருக்கிறார், அரசு மருத்துவமனையில் எனக்காகச் சீட்டு வாங்க விடியற்காலையில் நின்றிருக்கிறார். அந்த மணி நேரங்களுக்கு யாரும் விலை சொல்லவில்லை. பிரியாணி என்றதும்தான் எல்லோருக்கும் கணக்கு நினைவுக்கு வருகிறது.

வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே இலைக்குக் காத்திருப்பவர்களை நண்பர் கையெடுத்துக் கும்பிடுவார். ஏனென்றால் அது பசி. பசித்தவர்கள் மேல் நமக்கு இரக்கம் உண்டு. அவர்களே நாக்குக்கு ருசியாக ஒன்றைக் கேட்டு நின்றுவிட்டால்தான் நம்மால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நடுவர் அவர்களே, அந்தக் கதையை நான் முழுதாகச் சொல்லவில்லை. என் தாயாருக்கு அறுபத்தெட்டாவது டோக்கன். என்னிடம் காசு இல்லாததால் கயிற்றுக்கு வெளியே நின்றேன். என் தாயார் ஒரு நாளும் முதல் பந்தியில் அமர்ந்தவர் அல்லர். விசேஷ வீடுகளில்கூடத் தன் இலையில் விழுந்ததை மடித்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பங்கு வைத்தவர். அன்றும் பழக்கத்தில் முந்தானையிலிருந்து ஒரு பாலிதீன் பையை உருவினார். "பாட்டி, பார்சல் கிடையாது, இங்கேயே சாப்பிடுங்கள்" என்று பரிமாறும் பையன் தடுத்துவிட்டான்.

பையை மடித்து மறுபடியும் செருகிக்கொண்டு உண்ணத் தொடங்கினார். எப்போதும் போல ஒரு கறித்துண்டை எடுத்து இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். அது எனக்கானது; நாற்பது ஆண்டுகளாக அந்த ஓரம் என்னுடையது. சோறு முடிந்தது, தால்சா முடிந்தது, பச்சடி முடிந்தது. அந்தத் துண்டு மட்டும் இருந்தது. நிமிர்ந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார், பரிமாறும் பையனைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்றார்.

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.