பழைய ஜீப் ப்ளாக்கில் க்ராக் பார்ப்பது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. நேயர் ஒருவர் கேட்கிறார்: "ஐயா, ராணுவ ஏலத்தில் போன பழைய வில்லீஸ் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு ப்ளாக்கை டீசலில் கழுவிவிட்டேன். கண்ணுக்கு ஒரு க்ராக்கும் தெரியவில்லை. சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங்குக்குக் கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதீர்கள் தம்பி. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். முதலில் டெஸ்ட், அப்புறம்தான் லேத் பட்டறை. போரிங், புது பிஸ்டன், வால்வு வேலை எல்லாம் முடிந்த பிறகு க்ராக் தெரிந்தால் போட்ட பணம் அத்தனையும் போச்சு.

டீசலில் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்குதான் போகும். கார்பன், துரு, பெயின்ட் எல்லாம் அப்படியே இருக்கும். க்ராக் ஒளிந்திருப்பதே அதற்கடியில்தான். பக்கவாட்டுத் துளைகளை மூடியிருக்கும் தகடுகளான டம்மிகளைக் கழற்றிவிட்டு, காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போடுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் கிட்டே போகக் கூடாது. அலுமினியச் சாமான் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள், தின்றுவிடும்.

பெயின்ட் என்றதும் ஒரு ப்ளாக் ஞாபகம் வருகிறது. பச்சைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே எப்பாக்ஸி. அதையும் எடுத்தால், தண்ணீர் ஜாக்கெட், அதாவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறை, அதன் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குப் படுக்கைவசமாக வெடிப்பு. பனி வெடிப்பு அது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், வார்ப்பிரும்பு விட்டுக்கொடுக்காது. நம் ஊரில் ஓடிய வண்டிக்கு இது வராது. அதனால்தான் நம் மெக்கானிக்குகள் பலர் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் ஏலத்தில் வரும் ஜீப் காஷ்மீரிலோ லடாக்கிலோ இருந்திருக்கலாம். வெளிச்சுவரை ஒரு விரற்கடை விடாமல் பாருங்கள்.

அடுத்து வால்வு. வில்லீஸின் 'கோ டெவில்' 134 கன அங்குல எஞ்சின், அதாவது சுமார் 2.2 லிட்டர். பக்கவால்வு எஞ்சின் என்பதால் எக்ஸாஸ்ட் வால்வும் ப்ளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். வால்வு மூடும்போது உட்காரும் விளிம்புக்கு சீட் என்று பெயர். அந்தச் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற பாலம் குறுகல். ஒரு பக்கம் எரிந்த வாயுவின் சூடு, மறுபக்கம் தண்ணீர். வெடித்தால் பெரும்பாலும் அங்கேதான். மஹிந்திரா பிறகு போட்ட 'ஹரிகேன்' எஞ்சினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டுக்குப் போனது. எக்ஸாஸ்ட் ப்ளாக்கிலேயேதான் இருந்தது. ஆக அதற்கும் இதே இடம்தான். அப்புறம் ஹெட் போல்ட் துளைகள், கீழே கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் இடங்கள். பேரிங் பக்கம் க்ராக் இருந்தால் நான் அந்த ப்ளாக்கைத் தொடமாட்டேன்.

எப்படிப் பார்ப்பது? பழைய மிஸ்திரிகள் முறை, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடி பூசுவது. க்ராக்கில் இறங்கிய எண்ணெய் கசிந்து கோடு காட்டும். அதைவிட நம்பகமானது காந்த முறை. மின்காந்தத்தின் இரு கால்களையும் வைத்து நுண்ணிய இரும்புப் பொடியைத் தூவினால், க்ராக் இருக்கும் இடத்தில் பொடி கோடாகக் கூடும். காந்தத்தை ஒரே திசையில் வைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். காந்த ஓட்டத்துக்குக் குறுக்கே இருக்கும் க்ராக்தான் தெரியும், கூடவே ஓடுவது தெரியாது. குறுக்கே திருப்பி இன்னொரு முறை வையுங்கள்.

இதுவும் மேற்பரப்பில் உள்ளதைத்தான் காட்டும். ஜாக்கெட்டுக்கு உள்ளே போர்ட், அதாவது வாயு போய்வரும் வழியின் சுவர் வெடித்திருந்தால்? அதற்குத்தான் பிரஷர் டெஸ்ட். மேலே ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி, தண்ணீர் வழிகளை எல்லாம் அடைத்து, 30, 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று விட்டு வெந்நீர்த் தொட்டியில் இறக்குவார்கள். வெந்நீர் என்று சொல்லிக் கேளுங்கள். குளிரில் மூடிக்கிடக்கும் மயிரிழை க்ராக் சூட்டில்தான் வாய் திறக்கும். இதெல்லாம் லேத்துக்கு முன்னால்.

ஆனால் க்ராக் இருக்கிறதா என்பதோடு, ஏன் வந்தது என்றும் தம்பி கேட்டிருக்கலாம். மலைச்சாலையில் ரேடியேட்டர் கொதித்து நின்ற ஜீப்பில், பக்கத்து ஓடையிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றுவார்கள். கொதிக்கிற கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் விட்ட கதைதான். ஏன் கொதித்தது என்று பார்த்தால் ஜாக்கெட்டின் அடியில், முக்கியமாகப் தண்ணீர்ப் பம்புக்குத் தூரமாக, கடைசியில் இருக்கிற நான்காவது சிலிண்டரைச் சுற்றி, துருச்சேறு கெட்டியாக அடைத்திருக்கும். அதைக் கம்பி விட்டுக் குத்தி எடுக்காமல் சீட்டை மட்டும் மாற்றினால் அதே பாலம் மறுபடி வெடிக்கும்.

க்ராக் இருந்தாலும் பயப்பட வேண்டாம். சீட் பக்கத்துக் க்ராக் பலவற்றை, வரிசையாக உலோக ஆணிகளை (pin) இறக்கித் தைத்து, புது சீட் போட்டுச் சரிசெய்யலாம்; சிலிண்டர் வரை போயிருந்தால் உள்ளே ஸ்லீவ் என்ற குழாயும் இறக்கலாம். அவசரப்பட்டு வெல்டிங் மட்டும் வைக்காதீர்கள். வார்ப்பிரும்பைப் பதமாகச் சூடேற்றாமல் வைத்தால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதுசாக வெடிக்கும். தம்பி, பிரஷர் டெஸ்ட் முடிந்ததும் நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட்டைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.