மார்த்தாளுக்காக ஒரு வார்த்தை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். விசுவாசம் வேர்விடுவது ஆலயத்திலா, அன்றாட வாழ்விலா என்பது கேள்வி. அன்றாட வாழ்வில்தான் என்று பேச வந்தேன். எழுதி வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். காரணம், எதிரணிச் சகோதரர் சொன்ன ஒரு வார்த்தை. "அடுப்படியே கதி என்று கிடப்பவர்களுக்கு மார்த்தாள் என்ற பெயர்தான் மிஞ்சும். நல்ல பங்கு மரியாளுக்குத்தான்!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

லூக்கா 10-ல் இயேசு அவர்கள் வீட்டுக்கு வருகிறார். மார்த்தாள் பணிவிடையில் அலைகிறாள், தங்கை மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். தங்கை உதவவில்லை என்று மார்த்தாள் முறையிட, மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்கிறார் ஆண்டவர். சகோதரரே, அந்த அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிட்டீர்களே! யோவான் 11-க்கு வாருங்கள். சகோதரன் லாசருவை அடக்கம் பண்ணி நாலு நாள். வீடு முழுக்க அழுகை. ஆண்டவர் வருகிறார் என்று சேதி வருகிறது. எழுந்து எதிர்கொண்டு போனது யார்? மார்த்தாள்! மரியாள்? "மரியாளோ வீட்டிலே உட்கார்ந்திருந்தாள்." நான் சொல்லவில்லை ஐயா, யோவான் சொல்கிறார்.

ஊருக்கு வெளியே, வழியில் நின்று, "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்" என்றது யார்? அதே மார்த்தாள்! இயேசுவே கிறிஸ்து என்று சீடர் பேதுரு செய்த அறிக்கைக்கு நிகரான அறிக்கை, நீங்கள் அடுப்படி என்று ஒதுக்கிய பெண்ணின் வாயிலிருந்து வந்தது.

இன்னும் முடியவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவர்கள் ஊரான பெத்தானியாவில் விருந்து. அங்கே என்ன எழுதியிருக்கிறது? "மார்த்தாள் பணிவிடை செய்தாள்." மறுபடியும் அதே வேலை! ஆனால் இந்த முறை, தங்கை உதவவில்லை என்ற முறையீடு இல்லை. ஆண்டவர் அன்றைக்குக் கண்டித்தது பணிவிடையையா? "கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார். கலக்கம் போனது, பணிவிடை நிலைத்தது. இது வளர்ச்சி இல்லையா, சகோதரரே?

ஆண்டவரைப் பாருங்கள். ஊழியம் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. அதுவரை நாசரேத்தில், ஒரு வீட்டில், தச்சராக. உயிர்த்தெழுந்த பிறகு? விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, ராமுழுக்க வலைபோட்டுக் களைத்தவர்களை "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டார். மரணத்தை ஜெயித்த கைகள் ஐயா அவை!

ஆலயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. விதை எனக்கு அங்கேதான் விழுந்தது. ஆனால் வேர்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு நினைவு போய்விட்டது. எட்டு மாதம் நான் ஆலயத்துக்குப் போகவில்லை, அவரைத் தனியே விட முடியாமல். ஒரே துண்டை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். ஒரு நாளில் எத்தனை முறை! கோபத்தில் ஒருநாள் அதைப் பிடுங்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்குப் பாவமன்னிப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு ராத்திரி அவரைத் துடைத்து, உடை மாற்றிப் படுக்கவைத்தேன். என்னை உற்றுப் பார்த்தார். "நீ யாரும்மா?"

பெற்ற தாய் கேட்கிறார். நீ யாரும்மா?

மகள் என்று சொன்னால் பயந்துபோவார். அதனால், "உங்களைப் பார்த்துக்க வந்திருக்கேன்" என்றேன்.

"உனக்குக் கொடுக்க என்கிட்ட ஒண்ணுமில்லையே. ஜெபம் பண்ணட்டுமா?" என்றார். என் பெயர் மறந்துபோனது, தன் பெயரும் மறந்துபோனது, ஜெபிக்க மட்டும் மறக்கவில்லை. என் தலையில் கை வைத்தார். துண்டு மடித்த அதே கை. கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்தப் பொண்ணு என்னைப் பார்த்துக்கிறா. இவளோட அம்மா எங்க இருக்காங்களோ தெரியல. அவங்களை நீங்க பார்த்துக்கோங்க."

நான் ஆமென் சொன்னேன், நடுவர் அவர்களே.