திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர்ப் பக்கத்துக் கூத்துக்காரன். சில ஆண்டுகளாக ஒரு கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கூத்து பழக்குகிறேன்.

கூர்நோக்கு இல்லம் சிறை இல்லை. 18 வயது நிரம்பாத பிள்ளையை ஒரு வழக்கில் பிடித்தால், விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் இடம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அந்த விசாரணை 4 மாதத்துக்குள் முடிய வேண்டும். மிஞ்சினால் இன்னும் 2 மாதம். ஜாமீன் கிடைத்தால் சில நாளிலேயே வீட்டுக்குப் போய்விடுவார்கள். போக வேண்டும், அதுதான் நல்லது. ஆனால் கலை சொல்லித்தரப் போகிற நாம்தான் இதை யோசிப்பதில்லை. பாரதக் கதை ஒன்றை முழுதாக ஆடவைக்கலாமென்று நான் வேஷம் பிரித்துக்கொடுத்தேன். கர்ணன் வேஷக்காரன் மூன்றாம் வாரம் போய்விட்டான். மற்ற பிள்ளைகளின் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் முறையை மாற்றினேன். அன்றைய பாடம் அன்றைக்கே முடிய வேண்டும். இப்போது திரை வருகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கூத்தில் வேஷம் வந்ததும் முகத்தைக் காட்டாது. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் நின்று தான் யார், எந்த நாடு, என்ன பெருமை என்று பாடும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்பான். அப்புறம்தான் திரை விலகும். எங்களுக்குப் பழைய வேட்டிதான் திரை. வழக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதைப் போலீசிடமும், விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்திடமும் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பார்கள். ஒரு நாள் வேட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவன், "பத்து கிலோ மாவு பிசைவேன், பரோட்டா வீசுவேன், பாரடா கட்டியங்காரா!" என்று தாளம் தப்பாமல் பாடினான். அவனைப் பற்றி எந்தக் கோப்பிலும் இது இருந்திருக்காது.

வெளியாட்களை அழைத்து நிகழ்ச்சி போடலாமே, படம் எடுக்கலாமே என்கிறார்கள். கூடாது. பிள்ளையின் அடையாளம் வெளியே வருவதைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. பேர் வெளியே வந்துவிட்டால் அவன் ஊரில் எப்படி நடமாடுவான்?

என் கவலை, வெளியே போனபின் அவனை யார் சேர்த்துக்கொள்வது என்பதுதான். ஜமா என்கிற கூத்துக் குழு நடத்துகிறவர்கள், பறை பழக்குகிறவர்கள், வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒரு பிள்ளை வந்து நின்றால், பழசைக் கிளறாமல் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்.

போன பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு என்னைத் தேடி ஒருவன் வந்தான். "வாத்தியாரே, வேஷம் வேணாம், திரை பிடிக்கிறேன்" என்றான். விடியும்வரை ஒவ்வொரு வேஷம் வரும்போதும் திரையின் ஒரு முனை அவன் கையில்தான் இருந்தது.

வணக்கம்.