ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்குக் கீரை கொடுக்கலாமா?

வணக்கம் நேயர்களே. பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியா உள்ள பிள்ளைக்குக் கீரை கொடுக்கலாமா என்று பெற்றோர் பலரும் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஏற்றப்படும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. கீரையில் இருக்கும் இரும்பிலோ பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. மிஞ்சிய இரும்பைத் தானாக வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. அது கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படியும். படிந்ததை இறக்குவது மருந்துதான், பத்தியம் அல்ல. கீரையையும் பயறையும் நிறுத்தினால் வளரும் பிள்ளைக்கு ஊட்டம்தான் குறையும். ஈரலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது மாத்திரைக்கும் டானிக்குக்கும். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அது கூடாது என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரத்தம் ஊறும் என்று யாராவது டானிக் வாங்கித் தந்தால், லேபிளில் ‘ஃபெரஸ்’, ‘ஃபெரிக்’, ‘அயர்ன்’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேண்டாம். ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ள மாத்திரையை மருத்துவர் சொன்னபடி கொடுக்கலாம்.

வைட்டமின் சி மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். அது குடலில் இரும்பை அதிகம் உறிஞ்ச வைக்கும். படிந்திருக்கும் இரும்பையும் கிளப்பிவிடும். பிடிக்க மருந்து இல்லாத நேரத்தில் அப்படிக் கிளம்பும் இரும்பு இதயத்தைத் தாக்கும். இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்தைப் பம்ப் வைத்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மருத்துவரே வைட்டமின் சி எழுதுவதுண்டு. எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், அதுவும் பம்ப் ஓடத் தொடங்கிய பிறகு. 20 கிலோ பிள்ளைக்கு 40 முதல் 60 மில்லிகிராம்தான் வரும். கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை எத்தனை மடங்கு என்று பாருங்கள்!

இரும்பை வெளியேற்ற, கரைத்துக் குடிக்கும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். தண்ணீரில் நன்றாகக் கலக்க வேண்டும். பாலில் சரியாகக் கரையாது. டம்ளரின் அடியில் தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிக்க வையுங்கள், மருந்து அங்கேதான் வீணாகிறது. அலுமினியம் உள்ள வயிற்றெரிச்சல் மருந்தை இதோடு சேர்க்காதீர்கள்.

அடிக்கடி ரத்தம் தேவைப்படாத தலசீமியா இன்டர்மீடியாவில் கதையே வேறு. அங்கே இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குறைந்துவிடுவதால் குடல் அளவில்லாமல் இரும்பை இழுக்கும். இவர்கள் சாப்பாட்டோடு பால் சேர்க்காத கட்டித் தேநீர் குடிப்பது உறிஞ்சலைக் குறைக்கும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைக்க வேண்டாம். ரத்தமே ஏற்றாவிட்டாலும் உடம்பில் சேர்ந்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.