ஓக் கொட்டை மழை

வணக்கம்ங்க. ஒரு அக்டோபர் மாசம் நியூயார்க் மாநிலத்துல மக வீட்டுல இருந்தேன், ராத்திரி ஷெட்டு கூரை மேல டொக்கு டொக்குன்னு சத்தம், எவனோ கல்லு எறியுறான்னு டார்ச்ச எடுத்துட்டு வெளிய போனா, ஓக் மரத்துக் கொட்டை! கோலிக்குண்டு சைஸ், தலையில குட்டித் தொப்பி வேற. காலையில வாசல்ல நடக்க முடியல, வழுக்குது. முந்தின வருஷம் தேடினாலும் ஒண்ணு கெடைக்கலைன்னா மக.

பக்கத்து வீட்டுப் பெரியவர், "இவ்ளோ கொட்டுதுன்னா இந்த வருஷம் குளிர் பின்னிடும்"னார். அங்க நெறைய பேரு அப்படித்தான் நம்புறாங்க. வரப்போற குளிர் மரத்துக்கு எப்படிங்க தெரியும்? அது போன வசந்த காலத்துக் கணக்கு. ஓக்குக்கு காத்துலதான் மகரந்தம் பரவும், பூக்குற நேரம் கதகதப்பா மழையில்லாம இருந்தா ஊர்ல உள்ள மரமெல்லாம் ஒண்ணா பூத்து நல்லா காய் புடிக்கும், அப்ப உறைபனி விழுந்துச்சுன்னா போச்சு. வெள்ளை ஓக் அதே வருஷம் கொட்டிடும், சிவப்பு ஓக் காய்க்கு அடுத்த வருஷம் வரைக்கும் ஆகும். நம்ம குறிஞ்சி மாதிரி 12 வருஷம்னு கணக்கெல்லாம் இல்ல, ரெண்டு வருஷத்துலயும் வரும், அஞ்சும் ஆகும்.

வருஷா வருஷம் அளவா காய்ச்சா அணில், மான், எலி, கொட்டையத் தொளைக்கிற வண்டு எல்லாம் சேர்ந்து மிச்சம் வைக்காது. சில வருஷம் பட்டினி போட்டு கூட்டத்தக் கொறச்சுட்டு, திடீர்னு கொட்டித் தள்ளுனா தின்னு தீராது, தப்பிச்சது மொளைக்கும். அணிலும் லேசுப்பட்டது இல்லீங்க. வெள்ளை ஓக் கொட்டை விழுந்த கையோட மொளைக்கும்னு, சாம்பல் அணில் அதோட முளைக்கருவ கடிச்சு எடுத்துட்டுத்தான் பொதைக்குது! சிவப்பு ஓக் கொட்டைய அப்படியே பொதைச்சிடும், அது வசந்தத்துலதான மொளைக்கும்.

இதுல வெவகாரமும் இருக்கு. அதே மாநிலத்துல மில்புரூக்குங்கிற ஊர்ல சூழலியல் ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்ட் குழு காட்டுல கொட்டைய கொண்டுபோய்க் கொட்டிப் பாத்தாங்க, எலி பெருகுச்சு, 1998ல கட்டுரையா வந்துச்சு. கொட்டை விழுந்த மறு கோடையில எலி பெருகும், அந்த எலி ரத்தத்தக் குடிச்ச உண்ணிக்குஞ்சு, 'லைம்'ங்கிற உண்ணிக்கடி நோயோட கிருமிய சுமந்துட்டு அதுக்கடுத்த கோடையில மனுசனக் கடிக்கும். நான் பாத்த கொட்டை மழைக்கு ரெண்டாவது கோடையில வீடியோ கால் போட்டா மக பேசவே இல்ல, பேரனோட சாக்ஸ கழட்டி முழங்கால் மடிப்புல உண்ணி தேடிட்டு இருந்தா.