சிலிண்டர் மாட்டிய தேதி

நேயர்களுக்கு வணக்கம்.

புது கேஸ் சிலிண்டர் மாட்டிய அன்று, சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி என் மனைவி பேனாவால் ஒரு வட்டம் போடுவார். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்க முடியாது. எத்தனை நாள் எரித்தோம் என்ற கணக்குதான். தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களையும் பெரும்பாலும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் காப்பாற்றுகிறார்கள்.

சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அவை ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். அதனால்தான் மொட்டைமாடி டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். ஆனால் சூரியனும் நிலவும் அவற்றை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இடம் நகர நகர, சின்ன உந்துபொறிகளை எரித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கர்நாடகத்தின் ஹாசனிலும் போபாலிலும் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்களில் இராப்பகலாக இந்த வேலை நடக்கிறது. எடையற்ற வெளியில் எரிபொருளுக்கு மட்டம் கிடையாது. ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி எரித்தோம் என்று எழுதி, கழித்துக்கொண்டே வருவார்கள். காலண்டர் வட்டம்தான்!

இந்தியாவின் இன்சாட்-1ஏ செயற்கைக்கோளின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1982 ஏப்ரலில் ஏவப்பட்டது. ஏழு ஆண்டு உழைக்க வேண்டியது. அதைத் திசை பிசகாமல் நிறுத்தும் எரிபொருள் செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது. ஏழு ஆண்டு எங்கே, ஐந்து மாதம் எங்கே! மறு ஆண்டு சேலஞ்சர் விண்ணோடத்தில் போன இன்சாட்-1பி நிலைத்து நின்றது. சின்ன ஊர்களுக்கெல்லாம் டிவி வந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஒன்று தீருமுன் அடுத்தது தயாராக இருக்க வேண்டும், கட்டி முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால். 1997 ஜூனில் போன இன்சாட்-2டி, அக்டோபரில் மின்கோளாறால் வீணானது. கையில் மாற்று இல்லை. ஏற்கெனவே விண்ணில் சுற்றிக்கொண்டிருந்த, அரபு நாடுகளின் அராப்சாட்-1சி செயற்கைக்கோளை விலைக்கு வாங்கி, இன்சாட்-2டிடி என்று பெயர் மாற்றிச் சமாளித்தார்கள். விருந்தாளி வந்த நேரத்தில் கேஸ் தீர்ந்து, பக்கத்து வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிவந்த மாதிரி.

இன்னொன்று. கடைசிச் சொட்டுவரை எரித்துவிடவும் கூடாது. ஓய்வுபெறும் கோளைச் சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி, இருந்த இடத்தைக் காலி செய்யக் கொஞ்சம் எரிபொருள் மிச்சம் வேண்டும். அடுத்த கோள் வர வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, மற்றதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.