டிலி வேனில் ஒரு டொக் டொக்

வணக்கம் மக்களே! பின்னால் டொக் டொக் என்று கேட்கிறதே, மைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில், மிக்ரோலெட் என்கிற சின்ன வேனில் உட்கார்ந்திருக்கிறேன். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி. இறங்கும் இடம் வந்தால் காசால் கம்பியில் தட்ட வேண்டும், டிரைவர் ஓரங்கட்டுவார். தெரியாமல் முதல் நாள் "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்தினேன். மொத்த வண்டியும் சிரித்தது.

அந்தக் காசு இதுதான். 25 சென்டாவோ. இந்த நாட்டுக்கே சொந்தமான நாணயம். ஆனால் நோட்டு? அமெரிக்க டாலர்! சில்லறை சொந்தம், நோட்டு இரவல்.

சரி, நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். நான் தங்கியிருக்கிற வீட்டில் ஒரு பொடியன், ஏழெட்டு வயது இருக்கும், வீட்டுப்பாடத்தை விரித்துவைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான். போர்த்துகீசியப் பாடம். அவன் அப்பா எட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், நைசாக நழுவிவிட்டார். அவர் படித்ததெல்லாம் இந்தோனேசிய மொழியில். அப்புறம் உள்ளேயிருந்து தாத்தா வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவ்வளவையும் கடகடவென்று வாசித்துக்காட்டினார். பேரனுக்கும் தாத்தாவுக்கும் பள்ளிக்கூட மொழி ஒன்று. நடுவில் இருக்கிற அப்பாவுக்கு மட்டும் வேறு.

இது எப்படி? தாத்தா படித்தது போர்த்துகல் ஆண்ட காலத்தில். 1975 டிசம்பரில் இந்தோனேசிய ராணுவம் உள்ளே வந்தது. அடுத்த 24 வருடம் அவர்கள் ஆட்சி, அவர்கள் மொழி. 1999 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் பிரிந்துபோகிறோம் என்றார்கள். 2002இல் தனி நாடானதும் தேத்தும் மொழியோடு போர்த்துகீசியமும் ஆட்சிமொழி ஆனது. வீட்டுக்குள் மூன்று பேரும் பேசுவது என்னவோ தேத்தும்தான். ஆனால் அதிலும் பாருங்கள், கடைக்காரம்மா விலையை இந்தோனேசிய எண்ணில் சொல்கிறார், மணி கேட்டால் போர்த்துகீசியத்தில் சொல்கிறார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

தாத்தாவிடம் ஒரு தப்பும் பண்ணினேன். "உங்களுக்கு 2002இல்தானே சுதந்திரம் கிடைத்தது?" என்று கேட்டுவிட்டேன். பேரன் மொழிபெயர்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. 1975 நவம்பர் 28 அன்றே அறிவித்துவிட்டார்களாம். ஒன்பதே நாளில் படை வந்துவிட்டது. அதனால் 2002இல் தனி நாடான மே 20ஐ இங்கே யாரும் சுதந்திர தினம் என்று சொல்வதில்லை. சுதந்திரத்தை மீட்ட நாள் என்கிறார்கள். தாத்தா அந்த "மீட்ட" என்கிற வார்த்தையை என்னை இரண்டு தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் விட்டார்.

இதோ, என் இடம் வந்துவிட்டது. பொறுங்கள், தட்டுகிறேன்... டொக் டொக்... நிற்கவில்லையே! இன்னும் பலமாகத் தட்ட வேண்டும் போலிருக்கிறது.